ஜப்பானில் குடியேறும் முதல் மூன்று மாதம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்குகிறவர்கள் படும் பாட்டில் பாதி, வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால் வருகிறது. வங்கிக் கணக்குக்குப் போன் எண் கேட்பார்கள். போன் இணைப்புக்கு முகவரி பதிந்த அட்டை கேட்பார்கள். முகவரி பதிய வீடு வேண்டும். எந்த முனையைப் பிடித்து இழுப்பது என்று தெரிந்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

நான் டோக்கியோவின் கிழக்கு ஓரம், எதொகாவா வார்டில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். நிஷி-கசாய் ஸ்டேஷனைச் சுற்றி நம் ஊர்க்காரர்கள் நிறைய. புதிதாக வருகிறவர்களோடு வார்டு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் துணைக்குப் போய்ப் போய், எல்லோரும் எங்கே இடறுகிறார்கள் என்பது மனப்பாடமாகிவிட்டது. அதை வரிசைப்படி எழுதுகிறேன். ஊருக்கு ஊர் சில விதிகள் மாறும், வரிசை மாறாது.

1. விசாவுக்கு முன்னால்: பெயரை ஒரு முடிவுக்குக் கொண்டுவாருங்கள்

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் முடித்துவிடுகிறோம். ஜப்பானில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் இணையப் படிவங்கள் பாதியிலேயே நின்றுவிடும்.

அதனால், தகுதிச் சான்றிதழுக்கு (விசா கேட்கும் முன் ஜப்பான் குடிநுழைவுத் துறையிடம் வாங்கவேண்டியது) விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வரும் சான்றிதழ், விசா, குடியிருப்பு அட்டை எல்லாம் பாஸ்போர்ட்டைப் பார்த்தே அச்சாகின்றன. நடுவில் மாற்றினால் ஒவ்வொரு இடத்திலும் மாற்றவேண்டி வரும்.

அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் உங்கள் அப்பா பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து வரிசையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கதகானா. வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் எழுத்துமுறை அது. ஆங்கிலத்தில் டி, ஹெச் போட்டு எழுதும் நம் 'த' ஒலியை அங்கே 'ஸ', 'ஷ' என்றே வாசிப்பார்கள். செந்தில் 'சென்ஷிரு' ஆகிவிடுவார், முத்து 'முசு' ஆகிவிடுவார். வங்கியில் ஒரு கதகானா, சம்பளப் படிவத்தில் இன்னொரு கதகானா இருந்தால் பணம் கணக்கில் சேராமல் திரும்பிவிடும். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் கேட்டு, உங்கள் பெயருக்கு ஒரே ஒரு கதகானாவை முடிவுசெய்து, போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கேட்டாலும் அதையே பார்த்து எழுதுங்கள்.

2. பெட்டியில் என்ன எடுப்பது

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட் மிக்ஸியை அப்படியே செருகினால் முனகும், அரைக்காது. டிரான்ஸ்பார்மர் வாங்கலாம்தான், ஆனால் அது கல்லுப்போல் கனக்கும், சமையல் மேடையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவுக்கென்று செய்கிற 110 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடும், வேகம் கொஞ்சம் குறையும். போன், லேப்டாப் சார்ஜர்களுக்குக் கவலையில்லை, தட்டை முள் இரண்டு உள்ள பிளக் மாற்றி மட்டும் போதும்.

அலுமினிய குக்கரைக் கட்டும் முன், போகிற வீட்டில் கேஸ் அடுப்பா மின்காந்த (இண்டக்‌ஷன்) அடுப்பா என்று கேளுங்கள். மின்காந்த அடுப்பு அலுமினியத்தைச் சூடாக்காது.

மருந்தில் கவனம் தேவை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாத அளவு வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுவரலாம், அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்கவேண்டும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள ஜலதோஷ மாத்திரைகளுக்குத் தடை. அம்மா பெட்டியில் போட்டுக்கொடுக்கிற மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துவிட்டு எடுத்துவையுங்கள்.

3. விமான நிலையம்: அட்டையைச் சரிபாருங்கள்

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் குடிநுழைவு மேசையிலேயே 'சைர்யூ கார்டு' என்னும் குடியிருப்பு அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியதும் பெயர், பிறந்த தேதி, விசா வகை, காலாவதித் தேதி நான்கையும் அங்கேயே நின்று பாருங்கள். பின்பக்கம் முகவரி இடம் காலியாக இருக்கும். அது எப்படி நிரம்பும் என்பதை 6-ஆவது பகுதியில் சொல்கிறேன்.

மாணவர்கள் பகுதிநேர வேலைக்கான அனுமதியை இதே மேசையில் விண்ணப்பிக்கலாம். வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இங்கே விட்டால் குடிநுழைவு அலுவலகத்தில் தனியாக வரிசையில் நிற்கவேண்டும்.

16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வெளியே போகும்போதெல்லாம் இந்த அட்டை கையில் இருக்கவேண்டும். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும்கூட.

4. வீடு: கையெழுத்துக்கு முன் கணக்கு

வாடகையை மட்டும் பார்த்து வீட்டை முடிவுசெய்யாதீர்கள். சாவி வாங்கும் நாளில் கட்டவேண்டியவை: முன்பணம் (ஷிகிகின்), வீட்டுக்காரருக்குத் திரும்பாத அன்பளிப்பு (ரேகின்), தரகு, ஜாமீன் நிறுவனக் கட்டணம், தீ விபத்துக் காப்பீடு, முதல் மாத வாடகை. எல்லாம் சேர்ந்து நான்கிலிருந்து ஆறு மாத வாடகை வரை ஆகும். ரேகின் என்றால் என்ன என்று தெரியாமல் அதை முன்பணத்தோடு சேர்த்துத் திரும்பி வரும் பணமாகக் கணக்குப் போட்டவர்கள் பலர்.

வெளிநாட்டவர் என்பதற்காக வீடு தர மறுப்பது உண்டு. மனத்தைத் தளரவைக்க இதைச் சொல்லவில்லை, திட்டமிடுவதற்காகச் சொல்கிறேன். 2017-இல் ஜப்பான் நீதித்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 39 சதவீதம் பேர் அந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். எனவே ஒரே வீட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்து குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நல்ல வழி யூ.ஆர். வீடுகள். அரசு சார்ந்த அமைப்பு நடத்துபவை. ரேகின், தரகு, ஜாமீன், இரண்டு வருடத்துக்கொரு முறை வரும் புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் இல்லை. அதற்குப் பதில் வருமானத்தைப் பார்ப்பார்கள்: பொதுவாக மாத வருமானம் வாடகையைப்போல் நான்கு மடங்கு இருக்கவேண்டும், அல்லது சேமிப்பு நூறு மடங்கு. கட்டடங்கள் கொஞ்சம் பழையவை, ஆனால் கான்கிரீட். 10-ஆவது பகுதியைப் படித்தால் கான்கிரீட்டின் அருமை தெரியும்.

5. சாவி கைக்கு வந்த நாள்

இந்த ஒரு நாளில் நான்கு வேலை.

முதலில் படம். சாமானை உள்ளே கொண்டுபோகும் முன் சுவர், தரை, ஜன்னல் சட்டம், குளியலறை என்று மூலை மூலையாகப் போனில் படம் எடுங்கள். காலி செய்யும்போது பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்டால் காட்ட இதுதான் உண்டு.

இரண்டாவது கேஸ். மின்சாரத்தையும் தண்ணீரையும் போனிலோ இணையத்திலோ சொன்னால் போதும். கேஸுக்கு மட்டும் ஆள் நேரில் வந்து கசிவு பார்த்துத் திறந்துவிடவேண்டும், நீங்களும் வீட்டில் இருக்கவேண்டும். மார்ச், ஏப்ரலில் ஊரே வீடு மாறும், தேதி கிடைக்காது. சாவி நாள் தெரிந்த உடனே முன்பதிவு செய்யுங்கள். கேஸ் இல்லையென்றால் சமையலும் இல்லை, வெந்நீரும் இல்லை.

மூன்றாவது விளக்கு. பல வீடுகளில் கூடத்து விளக்கையும் திரைச்சீலையையும் முன்பிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பகலிலேயே பார்த்து வாங்கிவிடுங்கள்.

நான்காவதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விட்டுவிடுவது: தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவது. அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தில் ஒரு வரி, கீழே கதகானாவில் ஒரு வரி. சின்னக் காகிதம் போதும். மை நம்பர் (இங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் தனி எண்) அறிவிப்பும் வங்கி அட்டையும் பதிவுத் தபாலில், 'வேறு முகவரிக்குத் திருப்பாதே' என்ற குறிப்போடு வரும். இந்தப் பெயர்க்காரர் இங்கே இருக்கிறாரா என்று தபால்காரருக்குத் தெரியாவிட்டால் அனுப்பியவருக்கே போய்விடும். ஒரு தம்பிக்கு வங்கி அட்டை இரண்டு முறை திரும்பி, முதல் சம்பளத்தை எடுக்க முடியாமல் மூன்று வாரம் கடன் வாங்கிச் சாப்பிட்டார். பெட்டியில் முன்பு குடியிருந்தவரின் பெயர்தான் ஒட்டியிருந்தது.

6. வார்டு அலுவலகம்: 14 நாட்களுக்குள், ஒரே நடையில்

வீட்டுக்குக் குடிவந்த 14 நாட்களுக்குள் வார்டு அல்லது நகர அலுவலகத்தில் குடிவந்ததைப் பதியவேண்டும். தற்காலிக ஹோட்டலில் தங்கிய நாட்களைச் சேர்த்துக் குழம்பவேண்டாம், நிலையான முகவரிக்கு வந்த நாளே கணக்கு. ஆனால் நாட்டுக்குள் வந்து 90 நாட்களுக்குள் பதியாவிட்டால் விசாவுக்கே ஆபத்து.

கொண்டுபோகவேண்டியவை: வீட்டில் உள்ள எல்லோருடைய பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும், வீட்டு ஒப்பந்தம். மனைவி, கணவர், குழந்தைகளோடு வருகிறவர்கள் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு எடுத்துப் போகவேண்டும். உறவுமுறையை அதைப் பார்த்துத்தான் பதிவார்கள்.

அலுவலகத்துக்குள் வரிசை இதுதான்:

முதலில் குடிவந்த பதிவு. அட்டையின் பின்பக்கம் முகவரி அச்சாகும். அந்த அச்சு விழுந்த பிறகுதான் மற்ற மேசைகளில் வேலை நடக்கும்.

அப்புறம் உடல்நலக் காப்பீடு. கம்பெனிக் காப்பீடு இல்லாதவர்கள், அதாவது மாணவர்களும் சொந்தத் தொழில் செய்கிறவர்களும், தேசிய உடல்நலக் காப்பீட்டில் சேரவேண்டும். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் நம் பங்கு. நான்கு மாதம் கழித்துச் சேர்ந்தால் நான்கு மாதச் சந்தா மிச்சம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, குடிவந்த நாளிலிருந்து கணக்கிட்டு வாங்கிக்கொள்வார்கள், இடையில் காய்ச்சல் வந்தால் முழுச் செலவும் நம் தலையில் விழும்.

அதே மாடியில் ஓய்வூதியம். 20 வயதிலிருந்து 59 வரை ஜப்பானில் வசிக்கும் எல்லோருக்கும் கட்டாயம். மாணவர்கள் கட்டணத்தைத் தள்ளிவைக்கும் சலுகைக்கு அன்றே விண்ணப்பிக்கலாம். தானாகத் தரமாட்டார்கள், கேட்கவேண்டும். இந்தியாவிலிருந்து கம்பெனி அனுப்பி வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2016 அக்டோபர் 1 முதல் இரு நாட்டுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் உள்ளது. ஊரில் பி.எஃப். கட்டுவதற்கான சான்றிதழோடு வந்தால் ஐந்து வருடம் வரை இங்கே ஓய்வூதியம் கட்டவேண்டியதில்லை. அந்தச் சான்றிதழைக் கிளம்பும் முன்பே கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, வெளியே வரும் முன் 'ஜூமின்ஹ்யோ' என்னும் குடியிருப்புச் சான்று இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று சுமார் 300 யென். அடுத்த வாரம் எங்காவது கேட்பார்கள்.

7. முதலில் போன், பிறகு வங்கி

வங்கியில் ஜப்பானிய போன் எண் இல்லாமல் படிவம் நகராது. போன் கம்பெனியோ வங்கிக் கணக்கையோ கடன் அட்டையையோ கேட்கும். இந்த முடிச்சை அவிழ்க்க, ஊரிலிருந்து வரும்போதே வெளிநாட்டில் செல்லும் கடன் அட்டை ஒன்று எடுத்து வாருங்கள். வெளிநாட்டவருக்கென்றே உள்ள சில சிம் சேவைகள் 'கொம்பினி' என்னும் தெருமுனைச் சிறு கடைகளில் ரொக்கமாகவும் வாங்கிக்கொள்கின்றன.

வாங்கும்போது பேசும் வசதியுள்ள சிம் என்று கேளுங்கள். 070, 080, 090 என்று தொடங்கும் எண் வேண்டும். விமான நிலையத்தில் விற்கும் இணையம் மட்டும் உள்ள சிம்மை வாங்கிவிட்டு, வங்கி மேசையில் போய்த்தான் எண் இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள்.

நாட்டுக்குள் வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குப் பல வங்கிகள் கணக்குத் திறக்கத் தயங்கும். ஜப்பானில் வேலையில் இருப்பதற்கான சான்று அல்லது கல்லூரி அடையாள அட்டை இருந்தால் வழி பிறக்கும், எனவே அதைக் கையோடு கொண்டுபோங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தபால் வங்கியான 'யூச்சோ'வில்தான் தொடங்குகிறார்கள்.

8. குப்பை: முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளவேண்டியது

நீங்கள் நல்ல அயலாரா இல்லையா என்பதை உங்கள் தெரு குப்பையை வைத்துத்தான் முடிவுசெய்யும். மொழி தெரியாததை மன்னிப்பார்கள். இதை மறக்கமாட்டார்கள். காரணம் இருக்கிறது. குப்பை வைக்கும் இடத்தைப் பல தெருக்களில் குடியிருப்பவர்களே முறைவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். வண்டிக்காரர் எடுக்காமல் விட்டுப்போன பையைப் பிரித்துச் சரிசெய்வது அந்த வார முறைக்காரர் வேலை, பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி.

அப்படி ஒரு பையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காகத்துக்காகப் போட்ட பச்சை வலைக்குக் கீழே தனியாகக் கிடந்தது. 'எடுக்க இயலாது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒளி ஊடுருவும் பை, உள்ளே எல்லாம் தெரியும்: சாம்பார் வண்டல், முருங்கைக்காய்ச் சக்கை, நடுவில் இரண்டு பெட் பாட்டில் (பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்), ஒரு ஊறுகாய்க் கண்ணாடிக் குடுவை. அந்தத் தெருவில் முருங்கைக்காய் சமைக்கிற வீடு ஒன்றுதான். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எதிர்ப்படும்போது காலை வணக்கம் சொல்வது நின்றுவிட்டது. அவர்களோடு உட்கார்ந்து பிரிக்கக் கற்றுக்கொடுத்து, அந்தப் பாட்டியிடம் போய் மன்னிப்புச் சொல்லவைத்தேன். மறுவாரமே வணக்கம் திரும்பியது.

எனவே வார்டு அலுவலகத்தில் பதிவு முடிந்த கையோடு குப்பை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்திலும் பல இடங்களில் உண்டு. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எந்தக் கிழமை எது, எந்த மூலையில் வைப்பது, எந்தப் பை என்று மூன்று விஷயம் பாருங்கள். டோக்கியோவின் 23 வார்டுகளில் ஒளி ஊடுருவும் சாதாரணப் பை போதும். வேறு பல ஊர்களில் அந்த ஊர்ப் பெயர் அச்சிட்ட பையைக் காசு கொடுத்து வாங்கவேண்டும்.

அப்புறம் நம் சமையலறைக்கென்று சில குறிப்புகள்.

ஈரக் கழிவை அப்படியே போடக்கூடாது. கழுவுதொட்டி வாயில் மாட்டும் வலைப்பை கடையில் கிடைக்கும். அதில் சேர்த்து, பிழிந்து, முடிந்து, எரியும் குப்பையில் போடுங்கள். ஈரம் இருந்தால் நாற்றம் வரும், நாற்றம் வந்தால் காகம் வரும். கோடையில் மீன் கழிவைக் குப்பை நாள் வரை உறைபெட்டியில் வைப்பது இங்கே சகஜம்.

வடை, அப்பளம் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். எண்ணெயைக் கெட்டியாக்கும் தூள் விற்கிறார்கள். அடுப்பை அணைத்தவுடன் சூடான எண்ணெயில் கலந்தால், ஆறியதும் அல்வா போல் உறைந்துவிடும். அதை எரியும் குப்பையில் போடலாம். கொஞ்சம் எண்ணெய் என்றால் காலி பால் அட்டைப்பெட்டிக்குள் செய்தித்தாளைத் திணித்து அதில் ஊற்றுங்கள்.

பெட் பாட்டில் மூன்று பாகம்: மூடி, மேலே சுற்றிய தாள், பாட்டில். மூடியும் தாளும் பிளாஸ்டிக்கோடு, கழுவிய பாட்டில் தனியே. மசாலா ஒட்டி, கழுவினாலும் போகாத பிளாஸ்டிக் உறையைப் பல ஊர்களில் எரியும் குப்பையிலேயே போடச் சொல்வார்கள்.

பை வைக்கும் நேரம் அன்று காலை, பெரும்பாலும் 8 மணிக்குள். முந்தைய இரவே வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பூனையும் காகமும் பிரித்துவிடும். ஆண்டு இறுதியில் சில நாள் வண்டி வராது, டிசம்பர் அட்டவணையைப் பார்த்து முன்பே காலி செய்யுங்கள்.

கட்டில், மேசை போன்ற பெரிய சாமானுக்கு முன்பதிவு செய்து, கொம்பினியில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டவேண்டும். ஏசி, டிவி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் நான்கையும் அதிலும் எடுக்கமாட்டார்கள். 2001 முதல் அவற்றுக்குத் தனிச் சட்டம், மறுசுழற்சிக் கட்டணம் நாமே கட்டவேண்டும். ஊருக்குத் திரும்பும் அண்ணன் ஒருவர் பழைய குளிர்சாதனப் பெட்டியை இலவசமாகத் தருகிறார் என்றால், அதைத் தூக்கிப்போடும் செலவும் சேர்ந்து வருகிறது என்று புரிந்துகொண்டு வாங்குங்கள்.

9. பக்கத்து வீட்டில் அறிமுகம்

குடிவந்த ஒரு வாரத்துக்குள் போங்கள். தனி வீடு என்றால் எதிரே மூன்று வீடு, இருபக்கமும் ஒவ்வொரு வீடு. அடுக்குமாடி என்றால் இருபக்கம், மேல், கீழ். சனி, ஞாயிறு பகல் நேரம் நல்லது. கையில் 500 முதல் 1,000 யென் மதிப்பில் ஏதாவது: துண்டு, துணி சோப்பு, பிஸ்கட் டப்பா. விலை கூடிப்போனால் திருப்பிச் செய்யவேண்டுமே என்று அவர்களுக்குச் சங்கடம். வீட்டில் செய்த முறுக்கைப் பழகிய பிறகு கொடுக்கலாம், முதல் நாள் கடைப் பொருளே சரி.

சொல்லவேண்டியது ஒரு வரி: 'தொனாரி நி ஹிக்கோஷிதே கிமாஷிதா, குமார் தெசு. யோரொஷிகு ஒனெகாய்ஷிமாசு.' பக்கத்தில் குடிவந்திருக்கிறேன், பெயர் குமார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். உங்கள் பெயரைச் சொல்லும்போது நீங்களே 'சான்' சேர்க்காதீர்கள், அது மற்றவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை.

ஒரே அறை உள்ள நகரத்து அடுக்ககங்களில் இந்தப் பழக்கம் குறைந்துவருகிறது. தனியாக இருக்கும் பெண்கள் போகவேண்டிய கட்டாயம் இல்லை. யாரும் கதவைத் திறக்காவிட்டால் இரண்டு முறையோடு விட்டுவிடுங்கள்.

10. சத்தமும் வாசனையும்

ஊரில் இரவு 8 மணி என்றால் இங்கே 11.30. மூன்றரை மணி நேர வித்தியாசம். சாப்பாட்டை முடித்து அம்மா கூப்பிடும் நேரத்தில் இந்தத் தெருவே தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் நம்மேல் வரும் புகார்களில் நான் அதிகம் கேட்டது. மர அடுக்ககங்களில் மெத்தென்று நடந்தாலே கீழே கேட்கும். காதில் மாட்டிப் பேசுங்கள், இல்லையென்றால் இங்கே இரவு 9 மணி, ஊரில் 5.30 என்று நேரம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இரவு 10 முதல் காலை 7 வரை துணி துவைப்பது, தூசி உறிஞ்சும் இயந்திரம், மிக்ஸி வேண்டாம். குக்கர் விசில் இங்கே யாருக்கும் பழக்கமில்லாத சத்தம், அபாய மணியோ என்று நினைப்பார்கள். அறிமுகத்துக்குப் போகும்போதே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

புகார் நேரில் வராது. வீட்டு நிர்வாகம் யார் பெயரும் இல்லாமல் ஒரு காகிதத்தை எல்லோர் பெட்டியிலும் போடும்: 'இரவில் பேச்சுச் சத்தம் குறித்து.' அது பொது அறிவிப்பு போலத் தெரியும். பெரும்பாலும் நமக்கானதுதான் என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

தாளிக்கும் முன் புகைபோக்கியைப் போடுங்கள், அதன் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று வெளியே போய் ஒருமுறை பாருங்கள். பக்கத்து பால்கனியை நோக்கி இருந்தால், அவர்கள் துணி காயப்போடாத நேரம் பார்த்துத் தாளியுங்கள்.

11. சுற்றுக்கு வரும் பலகை

தெருச் சங்கத்துக்குச் 'சோனாய்காய்' என்று பெயர். சேர்வது கட்டாயமில்லை, சேருங்கள் என்பேன். மாதம் சில நூறு யென்தான். பேரிடர்ப் பயிற்சி, கோடைத் திருவிழா, வடிகால் சுத்தம் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் நடக்கும்.

'கைரன்பான்' என்று ஒரு பலகை வீடு வீடாக வரும். அறிவிப்பைப் போனில் படமெடுத்து மொழிபெயர்த்துப் படியுங்கள், உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்திடுங்கள், அடுத்த வீட்டில் கொடுங்கள். புரியவில்லை என்று நம் வீட்டிலேயே வைத்துவிட்டால் நமக்குப் பின்னால் உள்ள எல்லா வீட்டுக்கும் செய்தி போகாது.

12. நிலநடுக்கம்: நடக்கும் முன் இரண்டு, நடந்த பின் ஒன்று

முன்னால்: வார்டு அலுவலகத்தில் தரும் வரைபடத்தில் உங்கள் பகுதியின் தஞ்ச இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிக்கூடம். ஒருமுறை நடந்துபோய் வாருங்கள். எதொகாவா போலத் தாழ்ந்த பகுதி என்றால் வெள்ள வரைபடத்தையும் பாருங்கள், இரண்டுக்கும் இடம் வேறாக இருக்கலாம். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள், தலைமாட்டில் எதையும் வைக்காதீர்கள்.

பின்னால்: பலமாக ஆடினால் கேஸ் மீட்டர் தானாக அடைத்துக்கொள்ளும். கேஸ் போய்விட்டது என்று பயப்படவேண்டாம். வாசனை எதுவும் வரவில்லை என்றால் எல்லா அடுப்பையும் அணைத்து, மீட்டரில் உள்ள மீட்புப் பொத்தானை அழுத்திவிட்டு, சுமார் மூன்று நிமிடம் எதையும் தொடாமல் காத்திருங்கள். விளக்குச் சிமிட்டல் நின்றால் கேஸ் வந்துவிட்டது. வாசனை வந்தால் பொத்தானைத் தொடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டுக் கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீஸுக்கு 110.

13. சைக்கிள்

ஒவ்வொரு சைக்கிளும் உரிமையாளர் பெயரில் பதிவாகியிருக்கும். ஊருக்குத் திரும்பும் நண்பர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் மட்டும் அது உங்களுடையதாகாது. போலீஸ் நிறுத்தி எண்ணைப் பார்க்கும்போது வேறு பெயர் வரும், திருட்டு என்று சந்தேகப்பட்டு மணிக்கணக்கில் உட்காரவைப்பார்கள். அவர் விமானம் ஏறும் முன் உரிமை மாற்றுக் கடிதம் எழுதி வாங்கி, சைக்கிள் கடையில் உங்கள் பெயருக்குப் பதியுங்கள்.

14. ஜூன் மாதத்துப் பில்லும் வீடு மாறும் நாளும்

ஜனவரி 1 அன்று எந்த ஊரில் முகவரி இருந்ததோ அந்த ஊர், முந்தைய வருடத்தின் வரிக்குரிய வருமானத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் குடியிருப்பு வரி போடும். பில் ஜூனில் வரும். முதல் வருடம் வராது, அதனால் இரண்டாவது வருடம் சம்பளம் குறைந்ததாகத் தோன்றும். தேசிய உடல்நலக் காப்பீட்டுச் சந்தாவும் அப்படித்தான் ஏறும். முதல் வருடமே கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.

வீடு மாறும்போதும் வரிசை முக்கியம். பொதுவாக ஒரு மாதம் முன்னால் வீட்டு நிர்வாகத்துக்கு அறிவிப்பு. வேறு நகரம் அல்லது வேறு வார்டு என்றால் பழைய அலுவலகத்தில் கிளம்பும் பதிவு, புது அலுவலகத்தில் 14 நாட்களுக்குள் குடிவந்த பதிவு. அடுத்த வேலையாக வங்கி, போன் முகவரியை மாற்றுங்கள். தபால் நிலையத்தில் சொன்னால் ஒரு வருடம் வரை கடிதங்களை இலவசமாகப் புது வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் 'திருப்பாதே' என்று குறித்த வங்கித் தபாலுக்கு அது செல்லாது.

கிளம்பும் அன்று அறிமுகத்துக்குப் போன அதே வீடுகளுக்குப் போய் 'ஒசெவா நி நாரிமாஷிதா' என்று சொல்லுங்கள், இத்தனை நாள் பார்த்துக்கொண்டீர்கள் என்று பொருள். அப்புறம் கீழே இறங்கி, தபால் பெட்டியில் ஒட்டிய உங்கள் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.